அடிக்கடல் உஷ்ணமும் நண்டினமும்

2019-இல் செங்கல்பட்டு தனி மாவட்டமாகும் வரை கோவளத்தையும் மாமல்லபுரத்தையும் தன் கடற்கரையாகக் கொண்டிருந்த காஞ்சிபுரத்தார், அலாஸ்காவை அடுத்த பெரிங் கடலில் நண்டினத்துக்கு நேர்ந்த விபத்தை அவசியம் அறிய வேண்டும். குளிர்காலத்தில் அங்கே கடல் உறையும்போது, உப்பு மிகுந்து கனத்த குளிர்நீர் அடியில் இறங்கி, கோடையிலும் 2 டிகிரி செல்சியஸுக்குக் கீழான உஷ்ணத்திலேயே தங்கிவிடுகிறது. பனி நண்டின் குஞ்சுகள், அக்குளிரை அண்டாத காட் மீன்களுக்குத் தப்பி, அந்நீரிலேதான் வளர்கின்றன. 2018, 2019 ஆண்டுகளில் பனி உறைவது வெகுவாகக் குன்றவே, அந்த அரண் ஏறக்குறைய மறைந்தது. உஷ்ணம் ஏறினால் நண்டின் தேகம் அதிக ஆகாரம் கேட்கும். கூட்டம் பெருகியிருந்த அவ்வேளையில் அது கிட்டாமல், ஆயிரம் கோடிக்கு மேற்பட்ட நண்டுகள் பெரும்பாலும் பட்டினியால் மாண்டிருக்கும் என்று விஞ்ஞானிகள் கருதுவது நெஞ்சை வருத்துகிறது. 2022 அக்டோபரில் அலாஸ்கா அரசாங்கம், சரித்திரத்தில் முதன்முறையாக, பனி நண்டுப் பிடிப்பை நிறுத்திவைத்தது.