புராஸ்டேட் வீக்கம்: மூலிகை மாத்திரையை நம்பிக் காத்திருக்கலாமா?

இரவில் மூன்று நான்கு முறை எழுந்து பாத்ரூம் போவதை அறுபது தாண்டிய பல ஆண்கள் வீட்டில்கூடச் சொல்வதில்லை. வயதானால் அப்படித்தான் என்று விட்டுவிடுகிறார்கள். இல்லையென்றால், விளம்பரத்தில் பார்த்த மூலிகை மாத்திரையைச் சத்தமில்லாமல் வாங்கிச் சாப்பிடுகிறார்கள். டாக்டரிடம் போகக் கூச்சம். அந்தக் கூச்சத்தில்தான் இந்த மாத்திரைகள் நன்றாக விற்கின்றன.

எங்கே அடைக்கிறது?

புராஸ்டேட் சுரப்பி சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி இருக்கிறது. இளவயதில் அதன் எடை சுமார் 20 கிராம். ஐம்பதுகளில் ஏறக்குறைய பாதி ஆண்களுக்கு அது பெருக்கத் தொடங்கிவிடும். இது புற்றுநோய் அல்ல. ஆனால் சுரப்பி பெருக்கப் பெருக்கக் குழாய் நெருக்கப்படும். போய் நின்றால் நீர் உடனே இறங்காது, தாரை மெலியும், முடிந்த பிறகும் மிச்சம் இருப்பதுபோல் தோன்றும்.

சா பால்மெட்டோ

இவ்வகை மாத்திரைகளில் பேர்போனது சா பால்மெட்டோ. அமெரிக்காவின் ஃபுளோரிடா பக்கம் புதராக வளரும் ஒரு குட்டைப் பனையின் பழச்சாறு அது. சுரப்பியைப் பெருக்கவைக்கும் ஹார்மோன் உருவாவதை இந்தச் சாறு தடுப்பதாக ஆய்வுக்கூடச் சோதனைகள் காட்டியதால் நம்பிக்கை பிறந்தது. மனிதர்களிடம் அது பலிக்கவில்லை. 2006-ல் வெளியான ஆய்வில் 225 ஆண்கள் ஓராண்டு இதையோ வெற்று மாத்திரையையோ சாப்பிட்டார்கள். இரு தரப்புக்கும் வேறுபாடு இல்லை. அளவு போதவில்லையோ என்று 2011-ல் வழக்கமான அளவைப்போல் மூன்று மடங்கு வரை கொடுத்துப் பார்த்தார்கள். அப்போதும் அதே முடிவுதான்.

பிறகு ஏன் பலர் "எனக்குக் கேட்டது" என்கிறார்கள்? அவர்கள் பொய் சொல்லவில்லை. 2011 ஆய்வில் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் தொந்தரவு மதிப்பெண் சராசரியாக மூன்று புள்ளி குறைந்தது. இந்தத் தொல்லை தானாகவே கூடும், குறையும். குறைந்த மாதத்தில் கையில் இருந்த மாத்திரை பெயரைத் தட்டிக்கொண்டு போய்விடுகிறது.

மற்றவை

பூசணி விதையை உணவாகச் சாப்பிடுவதில் தவறில்லை. ஆனால் 'புராஸ்டேட் பாதுகாப்பு' என்று சொல்லி வைட்டமின் ஈ-யை அதிக அளவில் விழுங்குவதை நான் கடுமையாக எதிர்க்கிறேன். முப்பத்தைந்தாயிரம் ஆண்களுக்கு மேல் பங்கேற்ற பெரிய ஆய்வில், தினம் 400 யூனிட் எடுத்தவர்களிடம் புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் கூடுதலாகத் தெரிந்தது.

நம் சித்த மருத்துவத்தில் நீரடைப்புக்கு நெருஞ்சில் குடிநீர் தருவது பழைய வழக்கம். அதை விரும்புகிறவர்கள் முதலில் ஸ்கேன் எடுத்துக்கொண்டு, பதிவு பெற்ற சித்த மருத்துவரிடம் போகட்டும். கடையில் வாங்கும் மூலிகை மாத்திரையில் லேபிளில் இருப்பது மட்டும்தான் உள்ளே இருக்கும் என்று நம்ப முடியாது. எட்டு மூலிகைக் கலவை என்று அமெரிக்காவில் விற்ற பிசி-ஸ்பெஸ் 2002-ல் திரும்பப் பெறப்பட்டது. அதில் ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் கலந்திருந்தது.

டாக்டரிடம் போனால்

வயிற்று ஸ்கேனில் சுரப்பியின் அளவும், சிறுநீர் கழித்த பின் பையில் தங்கும் அளவும் தெரியும். சர்க்கரை, சிறுநீர்த் தொற்று, சிறுநீரகம் ஆகியவற்றுக்கான சோதனைகளும், தேவைப்பட்டால் புராஸ்டேட் புற்றுநோய்ச் சந்தேகத்தைப் பார்க்கும் பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனையும் உண்டு. இரவில் அடிக்கடி போவதற்குச் சர்க்கரை நோயே காரணமாக இருப்பதும் உண்டு; அதைத் தெரிந்துகொள்ளாமல் மூலிகை மாத்திரை சாப்பிட்டு என்ன பயன்?

டாக்டர் எழுதித் தரும் மருந்துகளில் டாம்சுலோசின் குழாயைச் சுற்றிய தசையைத் தளர்த்தும். சில நாட்களிலேயே வித்தியாசம் தெரியலாம். எழும்போது தலைசுற்றும் என்பதால் மெதுவாக எழ வேண்டும். கண்புரை அறுவைக்குப் போனால் கண் டாக்டரிடம் இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். ஃபினாஸ்டரைடு சுரப்பியைச் சுருக்கும், ஆனால் மாதக்கணக்கில் ஆகும். பிஎஸ்ஏ அளவையும் அது ஏறக்குறைய பாதியாக்கும் என்பதால், சோதனைக்குப் போகும்போது இந்த மருந்தைச் சொல்லாமல் விடக்கூடாது.

மூலிகை மாத்திரை ஏற்கெனவே சாப்பிடுகிறீர்கள் என்றால் டப்பாவையே டாக்டரிடம் காட்டுங்கள். சளிக்குக் கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகளிலும் கவனம் வேண்டும். அவற்றில் சில, பெருத்த சுரப்பி உள்ளவருக்கு நீரை முழுக்க அடைத்துவிடும். சிறுநீர் அறவே வராமல் அடிவயிறு வலித்தாலோ, ரத்தம் கலந்து வந்தாலோ, நடு இரவாக இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட வேண்டும்.