தொண்ணூறு சதவீதம் தவறும்போது

அலைபேசியில் துப்பாக்கிச் சண்டை ஆடுகிறவருக்கு அந்தமானில் முதல் எதிரி தூரம்தான். சென்னையையும் போர்ட் பிளேரையும் இணைக்கும் கடலடிக் கேபிள் 2020 ஆகஸ்ட் 10 அன்று திறக்கப்பட்டது. அதுவரை தீவுகளின் இணையம் செயற்கைக்கோளை நம்பி ஓடியது. அந்தச் செயற்கைக்கோள் நிற்பது சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில். அந்தமானின் மாயாபந்தர் ஊரில் ஒருவர் திரையைத் தட்டினால், அந்தத் தட்டல் மேலே ஏறிக் கீழே இறங்க 72,000 கிலோமீட்டர். ஒளி வேகத்தில் போனாலும் கால் நொடி ஆகும். பதில் வர இன்னொரு கால் நொடி. எதிரி திரையில் தலைகாட்டுவதற்குள் நீங்கள் செத்திருப்பீர்கள். புதிய கேபிள் போர்ட் பிளேர் தவிர ஏழு இடங்களில் கரையேறுகிறது. மாயாபந்தர் அந்தப் பட்டியலில் இல்லை. பக்கத்தில் இருப்பது ரங்கத். சாலைவழி தெற்கே சுமார் 70 கிலோமீட்டர்.

இந்த அரை நொடியைச் சட்டை செய்யாத விளையாட்டு வகை ஒன்று இருக்கிறது. ஆடுகிறவர்கள் அதை டாக்டிகல் ஆர்பிஜி என்பார்கள். பெரும்பாலானவற்றுக்கு இணையமே வேண்டாம். கட்டம் பிரித்த வரைபடம். உங்கள் முறையில் உங்கள் ஆட்களை நகர்த்தித் தாக்குவீர்கள், பிறகு எதிரியின் முறை. நடுவே எழுந்துபோய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தாலும் எதிரி அதே இடத்தில் நிற்பான். இதுவரை சதுரங்கம்தான். பிரிவது இரண்டு இடத்தில். சதுரங்கத்தில் குதிரை பாய்ந்தால் காய் விழுந்தே தீரும்; இங்கே அடி படுமா என்பதைப் பகடை சொல்லும். இன்னொன்று, இங்கே சிப்பாய்க்குப் பெயர் உண்டு. ஊர், தங்கை, பழைய பகை, சொல்லாத காதல் எல்லாம் உண்டு.

பெயரையும் சாவையும் சேர்த்து முடிச்சுப் போட்டவர் ஜப்பானின் ஷோசோ காகா. அவர் வேலை பார்த்த இன்டெலிஜென்ட் சிஸ்டம்ஸ் நிறுவனம் 1988இல் ஃபாமிகாம் வார்ஸ் என்றொரு போர் விளையாட்டை வெளியிட்டிருந்தது. அதில் காலாட்படையும் டாங்கியும் காசு கொடுத்து வாங்கும் சரக்கு. ஒன்று போனால் இன்னொன்று. 1990 ஏப்ரல் 20 அன்று நின்டெண்டோவின் ஃபாமிகாம் கருவிக்கு வந்த ஃபயர் எம்பளத்தில் காகா அதைத் தலைகீழாக்கினார். மார்த் என்ற இளவரசனின் படையில் ஒவ்வொருவரும் தனியாள். மூன்றாவது அத்தியாயத்தில் செத்தவர் பொதுவாக நான்காவதில் வரமாட்டார். ஜப்பானுக்கு வெளியே இந்தத் தொடர் காலெடுத்து வைக்க 2003 ஆயிற்று. அதற்கும் காரணம், 2001இல் வந்த வேறொரு நின்டெண்டோ சண்டை விளையாட்டில் மார்த்தையும் இதே தொடரின் இன்னொரு நாயகனான ராயையும் பார்த்த வெளிநாட்டுக்காரர்கள் இவர்கள் யார் என்று கேட்க ஆரம்பித்ததுதான்.

இனி பகடைக்கு வருவோம். இந்த விளையாட்டுகளைப் பற்றிய சண்டை சச்சரவில் பாதி அங்கேதான் பிறக்கிறது.

தாக்குமுன் திரை ஓர் எண்ணைக் காட்டும்: 90. நூறில் தொண்ணூறு முறை அடி விழும் என்று அர்த்தம். நேர்மையாகச் செய்வதென்றால் கணினி 0 முதல் 99 வரை ஓர் எண்ணைக் குலுக்கி எடுத்து, அது 90க்குக் கீழே இருந்தால் அடி விழுந்ததாகக் கொள்ள வேண்டும். ஃபயர் எம்பளம் தொடரின் முதல் ஐந்து ஆட்டங்கள் அப்படித்தான் செய்தன. 2002இல் கேம்பாய் அட்வான்ஸுக்கு வந்த ஆறாவது ஆட்டம் சத்தமில்லாமல் ஒரு தந்திரம் செய்தது. ஓர் எண்ணுக்குப் பதிலாக இரண்டை எடுத்து அவற்றின் சராசரியைப் பார்த்தது. இரண்டு எண்கள் என்றால் மொத்தம் 10,000 சோடிகள். அடி தவற வேண்டுமானால் இரண்டின் கூட்டுத்தொகை 180ஐத் தொட வேண்டும். அப்படிப்பட்ட சோடிகளை எண்ணிப் பாருங்கள்: 190தான் தேறும். ஆக, திரை 90 என்று சொன்னாலும் உள்ளே நடப்பது 98.1. எழுபத்தைந்து என்று காட்டியது 87.75 ஆகிறது. கீழ்ப்பக்கம் இதே கணக்கு எதிர்த்திசையில் இழுக்கும்: 30 என்று காட்டினால் உண்மை 18.3, 10 என்றால் 2.1. நடுவில் இருக்கும் ஐம்பது மட்டும் கிட்டத்தட்ட ஐம்பதாகவே நிற்கிறது.

பொய்தான். ஆனால் நம் மனசுக்கு ஏற்ற பொய். தொண்ணூறு என்று கேட்டால் நாம் நிச்சயம் என்றே எடுத்துக்கொள்கிறோம். பத்தில் ஒருமுறை தவறும்போது கணினி ஏமாற்றுகிறது என்று கத்துகிறோம். பொதுவாக நம் ஆட்கள் அதிக வாய்ப்போடு அடிப்பார்கள், எதிரிகள் குறைந்த வாய்ப்போடு அடிப்பார்கள். அதனால் இந்தச் சராசரி வித்தை இரண்டு பக்கமும் ஆடுபவருக்கே சாதகம். ரசிகர்கள் இதைக் கண்டுபிடித்து அட்டவணை போட்டு வைத்திருக்கிறார்கள். தேர்ந்தவர்கள் திரையில் 75ஐப் பார்க்கும்போதே மனசில் 88 என்று படிப்பார்கள்.

பகடை சண்டையோடு நிற்பதில்லை. ஒருவர் ஒரு நிலை ஏறும்போது பலம், வேகம், காப்பு என்று ஒவ்வொன்றும் கூடுமா கூடாதா என்பதற்கும் குலுக்கல் உண்டு. பலம் கூடும் வாய்ப்பு 45 சதவீதம் உள்ள ஒருவன் முதல் நிலையிலிருந்து இருபதாவது நிலைக்கு வரும்போது சராசரியாக எட்டு, ஒன்பது புள்ளி சேர்த்திருப்பான். உங்கள் ஆட்டத்தில் அவனுக்கு ஐந்துதான் கிடைத்திருக்கும், நண்பர் ஆட்டத்தில் பன்னிரண்டு. அதே பெயர், அதே முகம், அதே வசனம், ஆனால் இரண்டு வேறு மனிதர்கள். ரசிகர் இருவர் ஒரே பாத்திரத்தைப் பற்றி மணிக்கணக்கில் முட்டிக்கொள்வது ஏன் என்று இப்போது புரியும்.

அந்த முட்டலில் எனக்குப் பிடித்தது மார்க்கஸ் வழக்கு. முதல் ஆட்டத்திலேயே ஜேகன் என்று ஒரு வயதான குதிரை வீரர் உண்டு. தொடக்கத்தில் எல்லோரையும்விட பலசாலி; ஆனால் பெரிதாக வளரமாட்டார். பின்னால் வந்த ஆட்டங்களிலும் அப்படியொரு மூத்தவர் வந்துகொண்டே இருப்பார். ரசிகர்கள் அவர்கள் எல்லோரையும் ஜேகன் என்றே வகைப்படுத்துவார்கள். எதிர்முனையில் எஸ்ட். பறக்கும் குதிரை ஏறும் மூன்று சகோதரிகளில் கடைக்குட்டி; கதையின் பிற்பகுதியில் வந்து சேர்வாள், நோஞ்சான், ஆனால் வளர்த்தால் வானமே எல்லை. 2003 ஆட்டத்தின் ஜேகன்தான் மார்க்கஸ். பழைய வழிகாட்டிகள் ஒரே குரலில் சொன்னது: மார்க்கஸைப் பயன்படுத்தாதே. அவரைப் போல ஏற்கெனவே பதவி உயர்ந்தவர் எதிரியைக் கொன்றால் கிடைக்கும் அனுபவப் புள்ளி குறைவு. அதே எதிரியைச் சின்னப் பையன் கொன்றால் வளர்வான். கிழவர் குழந்தைகளின் சோற்றைத் தின்கிறார் என்பதுதான் குற்றச்சாட்டு.

பிறகு, ஆட்டத்தை எத்தனை குறைவான முறைகளில் முடிக்கலாம் என்று பார்க்கும் ஒரு கூட்டம் வந்தது. அவர்கள் கணக்குப் போட்டபோது தீர்ப்பு புரண்டது. தொடக்க அத்தியாயங்களில் மார்க்கஸ் ஒருவரே முன்னால் போய் வழி திறக்க முடிகிறது. அவர் மிச்சப்படுத்தும் முறைகளை எஸ்ட் வகையறாவால் கடைசியில் ஈடுகட்ட முடிவதில்லை. வளர்ச்சி வீதமும் சொல்லப்பட்ட அளவு மோசமில்லை. கிழவர் ரசிகர்கள் போடும் தரப்பட்டியலின் உச்சிக்குப் போனார். ஆட்டத்தில் ஒரு வரிகூட மாறவில்லை. கேட்ட கேள்வி மாறியது, அவ்வளவுதான். யார் கடைசியில் பலசாலி என்று கேட்டால் எஸ்ட். இன்றைக்கு யார் வேண்டும் என்று கேட்டால் மார்க்கஸ்.

இப்படித் தனக்குத்தானே ஒரு நிபந்தனை போட்டுக்கொண்டு ஆடுவதுதான் சவால் ஓட்டம். அது ஏன் தேவைப்பட்டது என்பதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. செத்தால் செத்ததுதான் என்று காகா விதி வைத்தார். மக்கள் என்ன செய்தார்கள்? பிடித்த ஆள் செத்ததும் கருவியை அணைத்து, அத்தியாயத்தை முதலிலிருந்து தொடங்கினார்கள். நிரந்தரச் சாவு, நடைமுறையில், ஒரு பொத்தான் ஆகிவிட்டது. நிறுவனமும் மெல்ல வழிவிட்டது. 2010 ஜப்பானிய வெளியீட்டில், விழுந்தவர் அடுத்த அத்தியாயத்தில் திரும்பி வரும் எளிய முறையைச் சேர்த்தார்கள். 2017இல் போட்ட நகர்வைப் பின்னோக்கிச் சுற்றும் வசதியும் வந்தது.

ரசிகர்கள் எதிர்ப்பக்கம் நடந்தார்கள். அதே 2010இல் நிக் ஃபிராங்கோ வரைந்த ஒரு சித்திரக்கதையிலிருந்து நஸ்லாக் என்ற சவால் பிறந்தது. போக்கிமான் விளையாட்டில் மயங்கி விழுந்த பிராணி செத்ததாகக் கணக்கு. ஒவ்வோர் இடத்திலும் முதலில் எதிர்ப்படுவதை மட்டும்தான் பிடிக்கலாம். சாவே இல்லாத விளையாட்டுக்குள் சாவைக் கொண்டுபோய் வைத்தார்கள். ஃபயர் எம்பளக்காரர்களின் அயர்ன்மேன் ஓட்டமும் அந்த ரகம்தான். யார் செத்தாலும் பின்னால் திரும்பக் கூடாது. தொண்ணூறு தவறி மருத்துவச்சி போய்விட்டால், அவள் இல்லாத படையோடு மிச்ச இருபது அத்தியாயத்தை ஓட்ட வேண்டும். மூலையில் கிடந்த, பெயர்கூட ஞாபகமில்லாத ஒரு கோடாரிக்காரன் அப்போதுதான் கதாநாயகன் ஆகிறான். நான் பார்த்தவரை, ஆட்டத்தின் மொத்தப் படையையும் உருப்படியாக அறிந்தவர்கள் அயர்ன்மேன் ஆடியவர்கள்தான். மற்றவர்கள் பிடித்த பத்துப் பேரோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

ஸீரோ குரோத் ஓட்டம் வேறு மாதிரி. ஆட்டக் கோப்பைத் திருத்தி எல்லோருடைய வளர்ச்சி வாய்ப்பையும் பூஜ்யமாக்கிவிடுவார்கள். நிலை ஏறினாலும் ஒரு புள்ளி கூடாது. மிஞ்சுவது ஆயுதம், நிலம், பதவி உயர்வில் கிடைக்கும் நிலையான கூடுதல் புள்ளிகள், நிற்கும் இடம். இங்கே மார்க்கஸ் மாதிரி ஆட்கள் தெய்வம். டிராஃப்ட் என்ற இன்னொரு வகையில் நாலைந்து பேர் சேர்ந்து பாத்திரங்களை முறைவைத்துப் பிரித்துக்கொண்டு, தன் பங்கில் வந்தவரை மட்டும் வைத்து ஆடி, யார் குறைந்த முறைகளில் முடிக்கிறார் என்று போட்டியிடுவார்கள். கேம்பாய் ஆட்டங்களில் குலுக்கல் எண்களின் வரிசை முன்பே தீர்மானமானது என்று கண்டுபிடித்து, நகர்வு அம்பை வளைத்து வளைத்து வரைந்து வேண்டாத எண்களைக் கழித்துக் கட்டுகிறவர்களும் உண்டு. எனக்கு அது பொறுமைச் சோதனையாகவே படுகிறது.

சவால் ஓட்டத்துக்குப் பேர்போன இன்னொரு களம், யாசுமி மட்சுனோவின் இயக்கத்தில் 1997இல் வந்த ஃபைனல் ஃபேன்டசி டாக்டிக்ஸ். அதில் முறை மாறி மாறி வராது; ஒவ்வொருவரின் வேகமும் ஒரு மீட்டரில் சேர்ந்துகொண்டே வரும், 100 ஆனதும் அவர் முறை. வேகம் 20 உள்ளவர் வேகம் 10 உள்ளவரைவிட இரண்டு மடங்கு முறை ஆடுவார். ரியோவேன்ஸ் கோட்டையில் நாயகன் ராம்ஸா வீக்ராஃப் என்ற வீரனைத் தனியாக எதிர்கொள்ள வேண்டும். தொடர்ந்து வரும் சண்டைகளுக்கு நடுவே ஒரே இடத்தில் சேமித்துவிட்டவர்கள் வெளியேறிப் பயிற்சி எடுக்கவும் முடியாமல், ஜெயிக்கவும் முடியாமல் மாட்டிக்கொண்டார்கள். ரசிகர்கள் கண்ட வழி அடிப்பது அல்ல. ஓடிக்கொண்டே ஆரவாரம் செய்யும் ஒரு திறனைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தி வேகத்தை ஏற்றுவது. போதுமான அளவு கத்திய பிறகு வீக்ராஃப் ஒருமுறை அசைவதற்குள் ராம்ஸா பலமுறை அடிப்பான்.

அதே ஆட்டத்தில் கணக்கர் என்றொரு தொழில் உண்டு. நிலை ஐந்தால் வகுபடுகிறவர்கள், நிற்கும் உயரம் மூன்றால் வகுபடுகிறவர்கள், அனுபவப் புள்ளி பகா எண்ணாக உள்ளவர்கள் என்று ஒரு நிபந்தனை சொன்னால் களத்தில் அதற்குப் பொருந்தும் எல்லோர் மீதும் மந்திரம் விழும், தன் ஆட்கள் உட்பட. பயங்கர ஆயுதம். ஆனால் மந்திரத்தை வேறு தொழிலில் இருந்து கற்று வர வேண்டும். ஐந்து பேரும் ஒரே தொழில், அந்தத் தொழிலின் திறன் மட்டும் என்ற சவாலில் கணக்கர் படையை எடுத்தால், வகுக்கத் தெரியும், விழவைக்க மந்திரம் இல்லை.

காசில்லாமல் தொடங்க வேண்டுமானால் பேட்டில் ஃபார் வெஸ்நாத் இருக்கிறது. டேவிட் ஒயிட் தொடங்கி 2003இல் வெளிவந்தது, திறந்த மூலம். ஒருமுறை இறக்கிக்கொண்டால் சாதாரண மடிக்கணினியில் இணையம் இல்லாமல் ஓடும். அதன் பகடை பொய் சொல்லாது. 70 என்றால் 70தான். அப்படி மூன்று முறை வீசினால் மூன்றும் தவறும் வாய்ப்பு ஆயிரத்தில் 27. நூற்றுக்கணக்கான தாக்குதல்கள் நடக்கும் ஒரு படையெடுப்பில் அது பலமுறை நடக்கும், ஒவ்வொரு முறையும் சதி என்று தோன்றும். இங்கே அடிபடும் வாய்ப்பைத் தீர்மானிப்பது அடிபடுகிறவர் நிற்கும் நிலம். மாயாபந்தரைச் சுற்றியுள்ள அலையாத்திச் சேற்றில் ஒருமுறையாவது கால் வைத்தவருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஈட்டிக்காரன் கோட்டையில் நின்றால் நூறில் 40 அடி படும், சதுப்பில் நின்றால் 80. கடல்வாசி இனத்து வீரன் அதே சதுப்பில் 40தான் வாங்குவான்.

டியோரன் என்ற இளம் தளபதியின் கதையான தெற்குக் காவல் புதியவர்களுக்கென்றே அமைத்த படையெடுப்பு, அங்கே தொடங்கலாம். கணினி ஒவ்வொரு முறையையும் தானாகவே சேமித்து வைக்கும். அதைத் தொடுவதில்லை என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டு ஆடுங்கள். புது ஈட்டிக்காரனுக்கு 14 பொன், போன களத்தில் தப்பி வந்தவனைத் திரும்பக் கூப்பிட 20. கையில் பொன் குறைவாக இருக்கும் அத்தியாயத்தில், சதுப்பைக் கடந்துதான் போக வேண்டும் என்றால், முதல் வரிசையில் பதினாலு பொன்காரனை நிறுத்துவார்கள். இரண்டு களம் கழித்து அவனும் இருபது பொன்காரன் ஆகியிருப்பான், பிழைத்திருந்தால்.