துகள்களின் கணக்கு

2008-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். ஜெனீவா நகருக்கு அருகே, பிரான்ஸ் - ஸ்விட்சர்லாந்து எல்லையில், பூமிக்கு அடியில் ஏறத்தாழ 100 மீட்டர் ஆழத்தில் 27 கி.மீ. சுற்றளவுள்ள வட்டச் சுரங்கத்தில் நிறுவப்பட்ட 'பெரும் ஹாட்ரான் மோதுவி' என்ற எந்திரம் முதன்முறையாக இயக்கப்பட இருந்தது. அது கருந்துளையை உண்டாக்கிவிடும், உலகமே அதனுள் போய்விடும் என்று தொலைக்காட்சிகள் சில நாள்களாக அச்சுறுத்திக் கொண்டிருந்தன.

அந்த வாரம் நான் என் சொந்த ஊரான மாகறலுக்கு வந்திருந்தேன். காஞ்சிபுரத்திலிருந்து உத்தரமேரூர் செல்லும் சாலையில், செய்யாற்றங்கரையில் உள்ள சிற்றூர் அது. தேநீர்க் கடையில் முதிய விவசாயி ஒருவர் என்னிடம் கேட்டார்: 'சார், சம்பாவுக்கு நாத்து விட்டிருக்கேன். புதன்கிழமை உலகம் அழியப்போகுதுன்னு சொல்றாங்களே, நெசமா?' கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

'அப்படியெல்லாம் ஒன்றும் ஆகாது' என்று சொன்னேன். ஏன் ஆகாது என்று அவர் கேட்டிருந்தால் என்னிடம் பதில் இல்லை. பொருளியல் கற்பித்து வந்த நான், படித்தவர்கள் சொன்னதை அப்படியே திருப்பிச் சொன்னேன், அவ்வளவுதான். அதே வாரத்தில், மத்தியப் பிரதேசத்தில் இந்த அச்சத்தால் ஒரு சிறுமி தன் உயிரை மாய்த்துக்கொண்டாள் என்ற செய்தி வெளியானது. அறிவியலை மக்கள் மொழியில் விளக்காமல் விடுவதற்கும் ஒரு விலை உண்டு என்பதை அன்று உணர்ந்தேன். பணி ஓய்வுக்குப் பிறகு அந்த விவசாயிக்கான பதிலைத் தேடிப் படித்தேன். அந்தப் பதில் நம் தலைக்கு மேலேயே இருக்கிறது.

விண்வெளியிலிருந்து காஸ்மிக் கதிர்கள் இடைவிடாமல் பூமியை நோக்கி வருகின்றன. 1912-இல் ஆஸ்திரிய அறிஞர் விக்டர் ஹெஸ் பலூனில் ஏறிச் சென்று இவற்றைக் கண்டறிந்தார். பெயர் கதிர்கள் என்றாலும் இவற்றுள் பெரும்பாலானவை புரோட்டான் போன்ற துகள்களே. பெருவேகத்தில் வரும் ஒரு புரோட்டான் காற்றிலுள்ள நைட்ரஜன் அல்லது ஆக்சிஜன் அணுக்கருவின் மீது மோதும்போது புதிய துகள்கள் பிறக்கின்றன.

'பிறக்கின்றன' என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டு தேங்காய்களை மோதவிட்டால் தேங்காய்ச் சில்லுகள்தான் சிதறும். இங்கோ மோதலுக்கு முன் இல்லாத துகள்கள் தோன்றுகின்றன. ஆற்றல் பொருளாக மாற முடியும் என்ற ஐன்ஸ்டீனின் விதிப்படி, வேகத்தில் இருந்த ஆற்றலின் ஒரு பகுதி பையான் முதலிய புதுத் துகள்களாக உருவெடுக்கிறது. அவை மீண்டும் மோதுகின்றன, அல்லது சிதைகின்றன. மின்னூட்டமுள்ள பையான்கள் சிதைந்தால் மியூவான்கள் கிடைக்கின்றன. மின்னூட்டமற்ற பையான்கள் ஒளித்துகள்களாகி, அவற்றிலிருந்து எலெக்ட்ரான்கள் பெருகுகின்றன. இவ்வாறு ஒற்றைத் துகள் ஒரு மழையாகத் தரையிறங்குகிறது. தரைமட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டரில் நிமிடத்துக்குச் சுமார் ஒரு மியூவான் விழுகிறது. உள்ளங்கையை வானம் பார்க்க விரித்தால், ஒரு நிமிடத்தில் ஏறக்குறைய நூறு மியூவான்கள் அதனூடே கடந்து செல்லும். நமக்கு எதுவும் தெரிவதில்லை.

ஜெனீவா எந்திரத்தில் நடப்பதும் இதே வகை மோதல்தான். அங்கு எட்ட வகுக்கப்பட்ட உச்ச ஆற்றல் 14 டெரா எலெக்ட்ரான் வோல்ட். பறக்கும் கொசுவொன்றின் இயக்க ஆற்றல் சுமார் ஒரு டெரா எலெக்ட்ரான் வோல்ட்தான். ஆனால், அந்த ஆற்றல் கொசுவைவிடக் கோடானுகோடி மடங்கு சிறிய இரு புரோட்டான்களுக்குள் அடைக்கப்படுகிறது. இதற்கு இணையான மோதல்களையும், இதைவிட வலிமையான மோதல்களையும் காஸ்மிக் கதிர்கள் நம் வளிமண்டலத்தில் பல கோடி ஆண்டுகளாக நிகழ்த்தி வருகின்றன. எந்திரம் தன் வாழ்நாளில் நிகழ்த்தப் போகிறவற்றைவிட அவை எத்தனையோ மடங்கு அதிகம். வானில் பிறப்பவை விரைந்து விலகிவிடும், எந்திரத்தில் பிறப்பவை தங்கிவிடக்கூடுமே என்ற ஐயத்தையும் அறிஞர்கள் ஆராய்ந்தார்கள். எதையும் தடுத்து நிறுத்தும் அடர்த்தி கொண்ட வெண்குறு விண்மீன்கள்மீதும் நியூட்ரான் விண்மீன்கள்மீதும் இதே கதிர்கள் விழுகின்றன. அவை இன்றும் வானில் நிலைத்திருக்கின்றன. 'ஐயா, நீங்கள் அஞ்சும் மோதல் உங்கள் நாற்றங்காலுக்கு மேலே தினமும் நடக்கிறது' என்று அந்த முதியவரிடம் நான் சொல்லியிருக்க வேண்டும்.

அப்படியானால் பெரும் பொருட்செலவில் எந்திரம் எதற்கு என்ற கேள்வி எழும். வானத்தில் நடக்கும் மோதலில் என்ன வந்து மோதியது, எவ்வளவு ஆற்றலுடன் மோதியது என்பவை நமக்கு நேரடியாகத் தெரிவதில்லை. எந்திரத்தில் இரண்டுமே தெரியும். உள்ளீட்டுக்கும் விளைபொருளுக்கும் உள்ள உறவைப் பொருளியலில் உற்பத்திச் சார்பு என்கிறோம். எவ்வளவு ஆற்றலை இட்டால் எத்தனை துகள்கள் விளையும் என்பதும் ஓர் உற்பத்திச் சார்பே. அதைக் கணிதத்தால் முழுமையாக வருவித்துவிட முடிவதில்லை. எண்ணித்தான் அறிய வேண்டும்.

எண்ணிப் பார்த்ததில் சுவையான முடிவு கிடைத்தது. 'ஆலிஸ்' என்ற ஆய்வுக்குழு 2009 நவம்பர் 23 அன்று பதிவான 284 மோதல்களைக் கொண்டே தன் முதல் ஆய்வுக்கட்டுரையை எழுதியது. அடுத்த ஆண்டு, மோதல் ஆற்றல் 0.9-லிருந்து 7 டெரா எலெக்ட்ரான் வோல்ட்டாக, அதாவது ஏறத்தாழ எட்டு மடங்காக உயர்ந்தபோது, மோதலின் நடுப்பகுதியில் வெளிப்படும் மின்னூட்டத் துகள்களின் அடர்த்தி சுமார் 58 சதவீதமே கூடியது. குறைந்து செல் விளைவு விதியைப் பாடம் நடத்தியவனுக்கு இது பழகிய காட்சி. ஆனால், அப்போது புழக்கத்தில் இருந்த கணினி மாதிரிகளுள் பெரும்பாலானவை இந்த அளவு உயர்வைக்கூட எதிர்பார்க்கவில்லை. மாதிரிகளைத் திருத்த வேண்டியதாயிற்று.

இந்த எண்ணிக்கை எளிதானதன்று. கிராமங்களில் மாணவர்களோடு வீடு வீடாகக் கணக்கெடுப்பு நடத்தியவன் என்ற முறையில் இதன் சிக்கல் எனக்குப் புரிகிறது. சில வீடுகள் பூட்டியிருக்கும்; சில வீடுகளில் விருந்தாளிகளையும் சேர்த்துச் சொல்லிவிடுவார்கள். துகள் எண்ணிக்கையிலும் உணர்கருவியின் கண்ணில் படாமல் தப்பும் துகள்கள் உண்டு. மோதலில் பிறக்காமல், கருவியின் சுவரில் பட்டு உருவான 'விருந்தாளிகளும்' உண்டு. எதுவுமே பதிவாகாததால் கணக்கில் வராமல் போகும் மோதல்களும் உண்டு. ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு திருத்தம் செய்தோம், அதன்பின்னும் எவ்வளவு பிழை எஞ்சியிருக்கலாம் என்பதையும் எண்ணோடு சேர்த்தே வெளியிடுகிறார்கள். இந்த ஆய்வில் இந்தியாவுக்கும் பங்குண்டு. கொல்கத்தா, புவனேசுவரம், சண்டீகர், ஜம்மு, ஜெய்ப்பூர் ஆகிய ஊர்களின் ஆய்வாளர்கள் சேர்ந்து, ஒளித்துகள்களை எண்ணுவதற்காகத் தேன்கூடு போன்ற அறுகோண அறைகள் கொண்ட உணர்கருவியை ஆலிஸுக்குச் செய்து கொடுத்தார்கள். ஜெனீவா ஆய்வு மையமான 'செர்ன்' அமைப்பில் 2017 முதல் இந்தியா இணை உறுப்பு நாடு.

தமிழ்நாட்டின் பங்கு இன்னும் நெருக்கமானது. உதகையில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,200 மீட்டர் உயரத்தில், டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனம் ஜப்பானியப் பல்கலைக்கழகங்களுடன் இணைந்து 'கிரேப்ஸ்-3' என்ற ஆய்வை நடத்தி வருகிறது. எட்டு மீட்டர் இடைவெளியில் பரப்பிய சுமார் 400 உணர்கருவிகள் துகள் மழையின் பரப்பை அளக்கின்றன. 560 சதுர மீட்டர் பரப்புள்ள மியூவான் தொலைநோக்கி மியூவான்களைத் தனியே எண்ணுகிறது.

மியூவான்களை ஏன் தனியே எண்ண வேண்டும்? வந்து மோதியது யார் என்ற கேள்விக்கு அதில்தான் விடை இருக்கிறது. ஒரே ஆற்றலுடன் வரும் இரும்பு அணுக்கரு, தன் ஆற்றலை 56 பங்காளிகளுக்குப் பிரித்துக் கொடுத்தது போன்றது. ஒவ்வொரு பங்கும் சிறிது. அதில் விளையும் பையான்களின் ஆற்றலும் குறைவு. ஆற்றல் குறைந்த பையான் மேலும் மோதுவதற்கு முன்பே சிதைந்து மியூவானாகிவிடும். ஆகவே புரோட்டானைவிட இரும்பு அதிக மியூவான்களைத் தரும். இந்த வேறுபாட்டைக் கொண்டு புரோட்டான்களைப் பிரித்தறிந்த உதகை ஆய்வாளர்கள், 2024-இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். ஆற்றல் கூடக் கூடப் புரோட்டான்களின் எண்ணிக்கை ஒரே சீராகக் குறையும் என்று கருதப்பட்டு வந்தது. சுமார் 166 டெரா எலெக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் அந்தச் சரிவு சற்றுத் தணிகிறது என்பதே அவர்கள் கண்டது. காஸ்மிக் கதிர்கள் எங்கே, எப்படி முடுக்கப்படுகின்றன என்பது பற்றிய நம் கருத்துகளை இது மறுபரிசீலனை செய்ய வைக்கிறது.

இத்தகைய முடிவுகள் எல்லாம் மோதலில் எத்தனை துகள் பிறக்கும் என்ற மாதிரிகளைச் சார்ந்தே நிற்கின்றன. அந்த மாதிரிகளில் இன்னும் ஒரு குறை உண்டு. மிக உயர்ந்த ஆற்றல் நிலையில், மாதிரிகள் சொல்வதைவிட அதிக மியூவான்கள் தரைக்கு வருகின்றன என்று அர்ஜென்டினாவிலுள்ள பியேர் ஓஜே ஆய்வகம் அறிவித்தது. இந்தப் புதிருக்கு உதவும் வகையில், 2025 ஜூலையில் ஜெனீவா எந்திரத்தில் முதன்முறையாக ஆக்சிஜன் அணுக்கருக்களை மோதவிட்டார்கள். நாம் சுவாசிக்கும் காற்றில் இருப்பது ஆக்சிஜன் என்பதால் அந்தத் தேர்வு. ஜெனீவாவில் எண்ணப்படுவது உதகையின் கணக்கைத் திருத்த உதவும்.

இதனால் மக்களுக்கு என்ன பயன் என்று பொருளியல் படித்த என்னை நண்பர்கள் கேட்பதுண்டு. 2014 டிசம்பர் 1 அன்று உதகையைக் கடந்த இடிமேகம் ஒன்றில் 130 கோடி வோல்ட் மின்னழுத்தம் இருந்ததை இதே மியூவான் தொலைநோக்கி அளந்தது. மேகத்தின் மின்புலத்தால் 18 நிமிடங்களுக்கு மியூவான் எண்ணிக்கை சிறிது குறைந்ததிலிருந்து அதைக் கணித்தார்கள். மின்னல் உயிர்களைப் பலிகொள்ளும் நாட்டில் இது சிறிய செய்தியன்று. ஆயினும், இத்தகைய துணைப்பயன்களைக் காட்டி அடிப்படை அறிவியலுக்கு வாதாட நான் விரும்பவில்லை. துணைப்பயன் மட்டுமே நோக்கம் என்றால் அதற்கு நேரடியாகவே செலவிடலாம். பகிர்ந்தாலும் குறையாத, எவரையும் விலக்காத அறிவு என்பது ஒரு பொதுப்பண்டம். சந்தை அதைப் போதிய அளவில் தராது. ஆகவே வரிப்பணம்தான் தர வேண்டும். வரி கொடுப்பவருக்கு அதை அவர் மொழியில் விளக்கும் கடமையும் அதனுடன் சேர்ந்தே வருகிறது. அந்தக் கடமையில்தான் நாம் தவறுகிறோம்.

இந்த ஆய்வுகளிடமிருந்து நம் பொதுவாழ்வு கற்க வேண்டியது ஒன்று உண்டு. ஆற்றல் மாறினால் அவர்கள் மீண்டும் எண்ணுகிறார்கள். பிழையின் அளவைத் தாங்களே அறிவிக்கிறார்கள். நாமோ 2021-இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பைத் தள்ளிப்போட்டு, 2011-ஆம் ஆண்டு எண்களைக் கொண்டே உணவுப் பாதுகாப்புச் சட்டப் பயனாளிகளைக் கணக்கிட்டு வருகிறோம். அதில் விடுபடுபவர்களும் பூட்டிய வீடுகள்தான். ஆனால், அவர்களுக்கான திருத்தத்தை யாரும் செய்வதில்லை.

எங்கள் ஊருக்கு அண்மையிலுள்ள உத்தரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் குடவோலைத் தேர்தலின் விதிகளைச் சொல்கின்றன. ஆண்டு 919, 921. பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவர் மீண்டும் வாரியத்தில் இடம்பெற முடியாது என்பது அவ்விதிகளுள் ஒன்று. அவருடைய உறவினருக்கும் அந்தத் தடை உண்டு. அக்கல்வெட்டைக் காண வரும் மாணவர்களிடம் இப்போதெல்லாம் நான் குடவோலையைப் பற்றிச் சொல்லிவிட்டு, உள்ளங்கையை விரிக்கச் சொல்கிறேன். நிமிடத்துக்கு நூறு என்றதும், 'சரியாக நூறா சார்?' என்று ஒரு மாணவி கேட்டாள். 'ஏறக்குறைய' என்றேன். எவ்வளவு ஏறக்குறைய என்று அவள் அடுத்துக் கேட்டது எனக்கு மிகவும் பிடித்திருந்தது.