மதுரை மொட்டைமாடிக்கு எத்தனை யூனிட்?

மதுரையில் வெயிலுக்குப் பஞ்சமில்லை. ஆனால் மொட்டைமாடியில் சோலார் தகடு போட நினைப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: தகட்டுக்கு வேண்டியது வெளிச்சம், சூடு அதற்கு ஆகாது.

தகட்டுக்குள் இருப்பவை சிலிக்கான் செல்கள். ஒளி பட்டதும் அவற்றிலுள்ள எலக்ட்ரான்கள் விடுபட்டு ஒரே திசையில் ஓட, மின்னோட்டம் பிறக்கிறது. 1954-இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகம் காட்டிய செல், விழுந்த ஒளியில் சுமார் 6 விழுக்காட்டையே மின்சாரமாக்கியது. இன்றைய தகடுகள் 20 விழுக்காட்டைத் தாண்டிவிட்டன. அந்த மின்சாரத்தை ஃபேனுக்கும் ஃப்ரிட்ஜுக்கும் ஏற்றபடி மாற்றித் தருவது இன்வெர்ட்டர்.

தகட்டின் திறனை 25 டிகிரி செல்சியஸில் அளக்கிறார்கள். அதற்குமேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் உற்பத்தி ஏறத்தாழ 0.3 முதல் 0.4 விழுக்காடு குறையும். சித்திரை உச்சி வெயிலில் தகடு 60 டிகிரியைத் தொட்டால், பத்தில் ஒரு பங்குக்கு மேல் நட்டம். அதனால்தான் அடியில் காற்று ஓடும்படி சட்டமடித்து உயர்த்துகிறார்கள். தெற்குப் பார்த்துச் சுமார் 10 டிகிரி சாய்வு மதுரைக்குப் பொருந்தும்.

சூட்டைவிடப் பெரிய எதிரி நிழல். செல்கள் தொடராகக் கோக்கப்பட்டிருப்பதால், ஒரு மூலையில் விழும் தண்ணீர்த் தொட்டியின் நிழல்கூட அந்த வரிசையின் மின்னோட்டத்தையே மட்டுப்படுத்தும். மார்கழியில் சூரியன் தெற்கே சாய்ந்து நிழல்கள் நீளும். இடம் பார்க்க ஏற்ற மாதம் அதுதான்.

ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி வேண்டும். சராசரியாக நாளைக்கு 4 யூனிட் தரும். பகலில் மிஞ்சுவது மின்வாரியக் கம்பிக்குப் போகும். இருவழி மீட்டர் கணக்கு வைக்கும். பேட்டரி இல்லாத அமைப்பு, கரண்ட் போனால் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்காதிருக்கவே இந்த ஏற்பாடு. 2024-இல் தொடங்கிய மத்திய அரசுத் திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு.

எவ்வளவு போடுவது? இரண்டு மாத பில்லில் உள்ள யூனிட்டை 240-ஆல் வகுத்தால் கிலோவாட் கிடைக்கும். தமிழ்நாட்டு வீடுகளுக்கு முதல் 100 யூனிட் இலவசம். மேலே போகப்போக யூனிட் விலை ஏறும். சோலார் முதலில் குறைப்பது அந்த விலை கூடிய யூனிட்டுகளைத்தான். ஆகவே 200 யூனிட் வீட்டுக்கு லாபம் சொற்பம். ஏசி ஓடும் 700 யூனிட் வீட்டுக்குப் போட்ட முதல் விரைவில் திரும்பும்.