தண்ணீருக்காக ஓடினால் தண்ணீர் வருமா?

நாமக்கல் மாவட்டம் கொல்லிமலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் ஆகாய கங்கை கொட்டுகிறது. அருவி இருக்கிற ஊரில் குடிநீருக்கு என்ன கவலை என்று தோன்றும். ஆனால், மலையில் பெய்யும் மழை சரிவில் இறங்கி ஓடிவிடும். அடியில் கெட்டிப் பாறை. ஊற்று பள்ளத்தில், வீடு மேட்டில். தண்ணீரை மேலே ஏற்ற மோட்டார், குழாய், தொட்டி எல்லாம் வேண்டும். இப்படிப்பட்ட ஊர்களுக்குப் பணம் திரட்டும் வழிகளில் ஒன்று, ஓட்டம்.

யார் ஓடினார்கள்?

ஆஸ்திரேலியாவின் மினா குலி, தண்ணீர்ப் பஞ்சத்தை உலகுக்கு உணர்த்த 2018-ல் 100 நாளில் 100 மாரத்தான் ஓடக் கிளம்பினார். 62-வது ஓட்டத்தில் தொடை எலும்பு முறிந்தது. மீதியைப் பல நாட்டினர் அவருக்காக ஓடினார்கள்.

பணம் எப்படிச் சேரும்?

2004-ல் தொடங்கிய மும்பை மாரத்தான் நல்ல உதாரணம். ஓடுபவர் ஒரு தொண்டு நிறுவனத்தைத் தேர்ந்தெடுப்பார். "நான் ஓடுறேன், நீங்க கொடுங்க" என்று உறவினர், நண்பர்களிடம் கேட்டு நன்கொடை சேர்ப்பார். நுழைவுக் கட்டணம் வேறு, நன்கொடை வேறு.

கொடுக்கும் முன் என்ன கேட்கணும்?

மோட்டார் வாங்குவது ஒருநாள் செலவு. பழுதானால் யார் பார்ப்பது? கரன்ட் பில் யார் கட்டுவது? தண்ணீரை யார் பரிசோதிப்பது? மூன்றுக்கும் பதில் இருந்தால் தாராளமாகக் கொடுக்கலாம். இல்லாவிட்டால், திறப்பு விழாக் கல்வெட்டுதான் மிஞ்சும்.