ஒயரிங் செய்ய முடியாத வாடகை வீடு: எந்த ஹோம் தியேட்டர் ஸ்பீக்கர் சரிப்படும்?

சாமராஜநகரில் வேலை. பழைய ஓட்டு வீடு ஒன்று வாடகைக்குக் கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். தடிமனான சுவர், சரிவான மங்களூர் ஓடு, டிவி பக்கத்தில் மட்டும் பிளக் பாயிண்ட். ஆணி அடித்தாலே ஓனர் முகம் சுளிப்பார். சுவரை வெட்டி ஒயர் பதித்தால் காலி செய்யும்போது அட்வான்ஸில் பிடித்துக்கொள்வார். ஆனாலும் வீக்கெண்டில் படத்தை நல்ல சவுண்டோடு பார்க்கணும். என்ன வாங்கலாம்?

ஒயர்லெஸ் என்றால் ஒயரே இல்லையா?

இருக்கிறது. ஒயர்லெஸ் ஸ்பீக்கருக்கு ஒலி சிக்னல் மட்டும்தான் காற்றில் வரும், கரண்ட் வராது. அதனால் அதற்குப் பிளக் வேண்டும். சாதாரண ஸ்பீக்கர் இதற்கு நேர் எதிர்: பிளக் வேண்டாம், ஆனால் ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒயர் இழுக்கணும். எனவே பிராண்டைப் பார்க்கும் முன் உங்கள் சோபாவுக்குப் பின்னால் பாருங்கள். அங்கே பிளக் பாயிண்ட் இருக்கா? பாதிப் பதில் அதிலேயே கிடைத்துவிடும்.

பின்னால் பிளக் இருந்தால்?

சப்வூஃபரும் ஒயர்லெஸ் ரியர் ஸ்பீக்கர்களும் சேர்ந்த சவுண்ட்பார் எடுக்கலாம். கடையில் ஒன்றை மட்டும் கேளுங்கள்: ரியர் ஸ்பீக்கர் இரண்டும் தனித்தனியாக இயங்குமா, அல்லது ஒரு ரிசீவர் பெட்டியிலிருந்து இரண்டுக்கும் ஒயர் போகுமா? இரண்டாவது வகை என்றால் சோபாவுக்குப் பின்னால் ஒயர் ஓடும்.

பிளக் இல்லையென்றால்?

மூன்று வழிகள் உண்டு.

ஒன்று, பேட்டரி ரியர். ஜேபிஎல் பார் 1000 போன்ற மாடல்களில் இரு முனைகளையும் கழற்றிப் பின்னால் வைக்கலாம். படம் முடிந்ததும் மறுபடி மாட்டினால் சார்ஜ் ஏறிவிடும்.

இரண்டு, சாதாரண 5.1 செட். தட்டையான ஸ்பீக்கர் கேபிளைச் சுவர் ஓரமாக ஒட்டிக் கொண்டுபோகலாம், துளை போட வேண்டாம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு 16 கேஜ் ஒயர் சுமார் 14 மீட்டர் வரை தாராளமாகப் போதும். வாசல் குறுக்கே வந்தால் சுற்றிப் போகணும் என்பதால் நூல் வைத்து முழுப் பாதையையும் அளந்துவிட்டு வாங்குங்கள்.

மூன்று, ரியரே வேண்டாம் என்று 3.1 சவுண்ட்பார். சென்டர் சேனல் தனியாக இருப்பதால் வசனம் தெளிவாகக் கேட்கும். சின்ன ஹாலுக்கு இதுவே போதும்.

டால்பி அட்மாஸ் வாங்கலாமா?

ஓட்டு வீட்டில் யோசித்து வாங்குங்கள். பல சவுண்ட்பார்கள் ஒலியை மேலே அனுப்பி, கூரையில் பட்டுத் திரும்ப வைத்துத்தான் தலைக்கு மேலிருந்து வருவதுபோல் காட்டுகின்றன. அதற்குச் சமதளமான, கெட்டியான சீலிங் வேண்டும், 7.5 முதல் 12 அடி உயரம் சிறந்தது என்கிறது டால்பி. சரிவான ஓட்டில் பட்ட ஒலி உங்களிடம் திரும்பாமல் வேறு பக்கம் போய்விடும். கான்கிரீட் வீடு என்றால் பிரச்னை இல்லை. ஓட்டு வீட்டில் அந்தக் கூடுதல் பணத்தை நல்ல சப்வூஃபரில் போடலாம்.

டிவியுடன் எப்படி இணைப்பது?

டிவியின் பின்னால் 'ஏஆர்சி' அல்லது 'இஏஆர்சி' என்று எழுதிய எச்டிஎம்ஐ போர்ட் இருக்கா பாருங்கள். ஓடிடி படங்களுக்கு ஏஆர்சி போதும். ப்ளூ-ரேயின் சுருக்கப்படாத ஒலியை டிவி வழியாக அனுப்ப இஏஆர்சி வேண்டும். ப்ளூடூத்தைப் பாட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள். படத்தில் உதடு அசைந்த பிறகு குரல் வரும் தொல்லை அதில் அதிகம்.

கடைக்குப் போகும் முன்

ஹாலின் நீள அகலம், சோபா இருக்கும் இடம், பிளக் பாயிண்ட்கள், வாசல் எல்லாவற்றையும் ஒரு தாளில் வரையுங்கள். இன்வெர்ட்டர் லைனில் எந்தப் பிளக் இருக்கிறது என்றும் குறியுங்கள். இல்லாவிட்டால் கரண்ட் போனதும் டிவி ஓடும், ரியர் ஊமையாகிவிடும். பக்கத்து வீட்டோடு பொதுச் சுவர் என்றால் சப்வூஃபரை அந்தச் சுவரிலிருந்தும் மூலையிலிருந்தும் தள்ளி வையுங்கள்.

அடுத்த வருடம் மைசூருவுக்கோ கோவைக்கோ மாற்றல் வரலாம். சுவரில் பதித்த ஒயர் உங்களோடு வராது, ஸ்பீக்கர் வரும். அந்தக் கணக்கையும் போட்டுவிட்டு வாங்குங்கள்.