கோணலாகவும் சுற்றும் ஷாப்ட்... தெரியுமா?

லாரிக்கு அடியில் குனிந்து பார்த்திருக்கிறீர்களா? கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குப் போகும் நீளக் குழாய்தான் ஷாப்ட்; அதன் முனைகளில் கூட்டல் குறி வடிவில் ஓர் இரும்புத் துண்டு இருக்கும். மெக்கானிக்குகளுக்கு அது ‘கிராஸ்’. அதற்குள் எத்தனை வித்தை!

★ ஷாப்ட் சாய்ந்திருந்தால், கிராஸைத் தாண்டியதும் வேகம் சீராக இருக்காது, தெரியுமா? ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை முந்தும், இரண்டு முறை பிந்தும்! டிராக்டரில் கருவிகளைச் சுழற்றும் பி.டி.ஓ. ஷாப்டுக்கு வழக்கமாக நிமிடத்துக்கு 540 சுற்று. சாய்வு 30 டிகிரி என்றால், கிராஸுக்கு அந்தப் பக்கம் 468-க்கும் 624-க்கும் இடையே வேகம் ஏறி இறங்கும். மண்ணைக் கிளறும் ரோட்டவேட்டரை ஓடவிட்டபடியே தூக்கினால், சாய்வு கூடித் தடதடவென்று அதிர்கிறதே, அதற்குக் காரணம் இதுதான்!

★ ஸ்பிரிங்குக்கு விதி சொன்ன ராபர்ட் ஹூக்தான் 1676-ல் கிராஸ் வைத்த இந்த ஜாயிண்டைப் பற்றியும் எழுதினார். வண்டிக்காக அல்ல, வானியல் கருவிக்காக! சூரியக் கடிகாரத்தில் நிழல் நகரும் கணக்கும் இந்த ஏற்ற இறக்கக் கணக்கும் ஒன்றே என்று கண்டுகொண்டு, நிழல் கோடுகளை வரையவும் இந்த ஜாயிண்டையே பயன்படுத்தலாம் என்றார்!

★ ஒரு கிராஸ் செய்யும் குளறுபடியை இன்னொரு கிராஸ் சரிக்கட்டிவிடும், தெரியுமா? இரு பக்கமும் சாய்வு சமமாக இருக்க வேண்டும். நடு ஷாப்டின் இரு முனைகளிலும் கிராஸைப் பிடிக்கும் கவைகள் ஒரே நேரில் நிற்க வேண்டும். ஷாப்டின் ஸ்ப்ளைன் பற்களில் தப்பாகக் கோத்தால் போச்சு, வண்டியே உதறும்! அதனால்தான் கைதேர்ந்த மெக்கானிக் கழற்றும் முன்பே பஞ்ச் அடித்து அடையாளம் வைக்கிறார்.

★ ஏற்ற இறக்கமே இல்லாத ஜாயிண்டும் உண்டு! 1920-களில் ஆல்பிரட் ர்செப்பா வடிவமைத்தது. வளைந்த பள்ளங்களில் 6 குண்டுகள். ஷாப்ட் எப்படித் திரும்பினாலும் அவை இரு ஷாப்டுகளுக்கும் இடையிலான கோணத்தைச் சரிபாதியாகப் பிரிக்கும் தளத்திலேயே நிற்கும். வேகம் துளிகூட மாறாது! முன்சக்கர இழுவைக் கார்களின் சக்கரப் பக்கத்தில் இந்த வகைதான் அதிகம். ரப்பர் உறை கிழிந்து மண் புகுந்தால், ஸ்டியரிங்கை முழுக்க ஒடிக்கும்போது ‘டக் டக்’ சத்தம் வரும்.

★ சாய்வே இல்லாமல் நேராகப் பூட்டினால் கிராஸ் நீடித்து உழைக்குமா? இல்லவே இல்லை! உள்ளிருக்கும் ஊசி பேரிங்குகள் உருளாமல் ஒரே இடத்தில் அழுந்தி, கிராஸில் தடம் பதித்துவிடும். அதனால்தான் வடிவமைப்பாளர்கள் வேண்டுமென்றே சிறு சாய்வு விடுகிறார்கள்!